மூன்று தடித்த வயர், ஐந்து மெல்லிய வயர்

மின்சார ஸ்கூட்டர் ஓடாமல் நின்றுவிட்டால் சாவியை அணைத்து, சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தை முதலில் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தாராளமாகச் சுற்றினால் ஒரு கதை. உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல விட்டுவிட்டு இடறினால் வேறு கதை. இடறினால், கன்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று தடித்த வயர்களையும் கழற்றிவிட்டு மறுபடி சுற்ற வேண்டும். இப்போது லேசாகச் சுற்றுகிறதா? மோட்டார் பிழைத்தது, கன்ட்ரோலருக்குள் கரன்ட்டைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கிறது. கழற்றிய பிறகும் இடறுகிறதா? காயிலிலோ, வயர் அச்சுக்குள் நுழையும் இடத்திலோ ஷார்ட். இவ்வளவு தூரம் வருவதற்கு மீட்டர்கூடத் தேவையில்லை.

பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் இந்த வகை மோட்டாரில் சக்கரத்தோடு சுற்றுவது காந்தம், அசையாமல் நிற்பது செப்புச் சுருள். கையால் சுற்றும்போது மோட்டார் ஜெனரேட்டராகிவிடும். வயர்கள் எங்காவது ஒன்றையொன்று தொட்டிருந்தால் அந்த மின்சாரம் உள்ளுக்குள்ளேயே ஓடி, சுற்றுகிற கையை எதிர்க்கும். அந்த எதிர்ப்பைத்தான் விரல் இடறலாக உணர்கிறது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் செகந்திராபாத் ராணிகஞ்சில் பம்பு மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். அந்தச் சந்தில் எல்லோருக்கும் அவர் உஸ்தாத். எந்த வண்டி வந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது, "பஹலே சக்கா குமாவோ, மீட்டர் பாத் மே." முதலில் சக்கரத்தைச் சுற்று, மீட்டரெல்லாம் பிறகு. நான் குஷாய்குடாவில் ஒரு சின்ன மின்னணு நிறுவனத்தில் டெஸ்ட் பெஞ்ச் வேலையில் இருந்தேன். அப்பா லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். செகந்திராபாத்தில் வேரூன்றிய பல தமிழ்க் குடும்பங்களைப் போல எங்களையும் ரயில்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தது. எனக்கு சர்க்யூட் தெரியும், மோட்டாரைத் திறந்து பார்த்ததில்லை. உஸ்தாதுக்கு மோட்டார் கைவந்தது, கன்ட்ரோலர் என்கிற அலுமினியப் பெட்டி புதிது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பட்டறைக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன்.

அது 2008. சீனாவிலிருந்து பாகங்களை இறக்கி இங்கே கோத்து விற்ற மின்சார ஸ்கூட்டர்கள் நகரத்தில் திடீரென்று பெருகியிருந்தன. 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உள்ளே இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல என்றது விதி. பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், ஓய்வுபெற்றவர்கள், டியூஷன் எடுக்கும் டீச்சர்கள் வாங்கினார்கள். சீட்டுக்கு அடியில் நான்கு 12 வோல்ட் ஈயம்-அமில பேட்டரி. மொத்தம் 48 வோல்ட். மாரேட்பள்ளி, மல்காஜ்கிரி பக்கத்துச் சமதளத்தில் ஒழுங்காக ஓடும். பஞ்சாரா ஹில்ஸ் ஏற்றத்தில் ஏறினால் நடந்து போகிறவர் முந்திப் போவார். பெட்ரோல் மெக்கானிக்குகள் அதை வண்டியாகவே மதிக்கவில்லை; பொம்மை என்றார்கள், தொடவும் மாட்டார்கள். எனவே நின்றுபோன பொம்மைகள் எல்லாம் காயில் கட்டுகிறவரிடம் வந்து சேர்ந்தன.

இந்தியாவில் மின்சார வண்டி அதற்கு முன்பும் இருந்தது. 1993 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டப்பட்ட லவ்பேர்ட் என்கிற சின்ன கார் சாலக்குடியிலும் நம் கோயம்புத்தூரிலும் தயாரானது. பெங்களூரிலிருந்து ரேவா கார் 2001இல் வந்தது. எட்டு 6 வோல்ட் பேட்டரி, 48 வோல்ட். ஆரம்ப ரேவாவில் இருந்தது டி.சி. மோட்டார், கார்பன் பிரஷ் தேயும், கம்யூட்டேட்டர் கருக்கும், அதைத் தேய்த்துத் துடைப்பது எந்த ரீவைண்டிங் கடைக்கும் பழகிய வேலை. 2008இல் எங்களிடம் வந்த ஸ்கூட்டர்களில் பிரஷ்ஷே கிடையாது. எந்தக் காயிலுக்கு எப்போது கரன்ட் கொடுப்பது என்பதை ஒரு சின்ன சிப்பும் சில மாஸ்ஃபெட்களும் தீர்மானித்தன. காந்தம் இப்போது எங்கே நிற்கிறது என்று அந்தச் சிப்புக்குச் சொல்ல மூன்று ஹால் சென்சார்கள். மோட்டாரிலிருந்து வெளியே வருவதும் அதற்கேற்ப எட்டே வயர்: கரன்ட் போக மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்று தடித்தவை, சென்சாருக்கு ஐந்து மெல்லியவை. மெல்லியவற்றில் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு எர்த், மற்ற மூன்றும் சிக்னல்.

ஹால் பார்க்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "மோட்டார் போயிடுச்சு" என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலும் போயிருப்பது மோட்டார் அல்ல, இந்த மூன்றில் ஒன்றுதான். சாவியைப் போட்டு, மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையைச் சிவப்பு வயரிலும் வைத்தால் 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் மோட்டாரைத் திறக்கவே கூடாது; கன்ட்ரோலர் கொடுக்கும் 5 வோல்ட் படுத்திருக்கிறது. அதே 5 வோல்ட்தான் ஆக்ஸிலேட்டருக்கும் போகிறது. கைப்பிடியில் மழைத்தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆனால் சென்சாரும் சேர்ந்து செத்ததுபோல் இருக்கும். ஆக்ஸிலேட்டர் கப்ளரைப் பிடுங்கிப் பார்த்தால் 5 வோல்ட் திரும்பி எழுந்து வரும். 5 வோல்ட் சரியாக இருந்தால், ஒவ்வொரு சிக்னல் வயரிலும் மீட்டரை வைத்துச் சக்கரத்தை மிக மெதுவாக நகர்த்த வேண்டும். 0, 5, 0, 5 என்று மாற வேண்டும். ஒன்று மட்டும் 5இலேயே நின்றால் அந்த சென்சார் போயிற்று, அல்லது அதன் வயர் அறுந்திருக்கிறது. மூன்று சிக்னலும் ஒரே நேரத்தில் 0 ஆகவோ, மூன்றும் ஒரே நேரத்தில் 5 ஆகவோ இருக்கிற நிலை இந்த மோட்டாரில் வரவே கூடாது. வந்தால் சிப் குழம்பி மோட்டாரை நிறுத்திவிடும். ஒரு சென்சார் மட்டும் செத்த வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சந்தில் இருந்த எல்லோரும் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார்கள். நின்ற இடத்தில் குலுங்கும், காலால் தள்ளினால் உறுமியபடி கொஞ்சம் ஓடும்.

சென்சார் போனது உறுதியானால் சக்கரத்தைத் திறக்க வேண்டும். பக்க மூடியின் திருகுகளைக் கழற்றிவிட்டால் மூடி வந்துவிடும். உள்ளே இருக்கும் ஸ்டேட்டரை, அதாவது அசையாத செப்புச் சுருள் பகுதியை, வெளியே எடுப்பதுதான் வேலை. சுற்றிலும் நாற்பத்தாறு காந்தத் துண்டுகள். அத்தனையும் சேர்ந்து அதை விடாது. புல்லர் போட்டு, திருகைச் சுற்றுச் சுற்றாக இறக்கி எடுக்க வேண்டும்; நடுவில் விட்டால் பட்டென்று திரும்பப் போய் ஒட்டும், விரல் இருந்தால் நசுங்கும். உஸ்தாத் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் புல்லரைத் திருப்புவார். வெளியே வந்த ஸ்டேட்டரில், செப்புச் சுருள்களுக்கு நடுவே இரும்புப் பற்களில் செதுக்கிய பள்ளங்களில், அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கறுப்பாக மூன்று துண்டுகள். கோட்டி குஜராத்தி கல்லியில் எஸ்.எஸ்.41 என்று கேட்டால் சில பத்து ரூபாய்க்குக் கொடுப்பார்கள். பழையதைச் சுரண்டி எடுத்து, எழுத்திருக்கும் பக்கம் பழையதில் எப்படி இருந்ததோ அப்படியே வைத்து, சால்டரிங் முனையை அதிக நேரம் வைக்காமல் ஒட்டி, அரால்டைட் பூசி, ஒரு இரவு காயவிட வேண்டும். ஒன்று போயிருந்தாலும் மூன்றையும் மாற்றுவது உஸ்தாதின் பழக்கம். திறக்கிற உழைப்பு ஒன்றுதானே என்பார்.

கன்ட்ரோலர் என் பங்கு. பேட்டரியைக் கழற்றியதும் கை வைத்துவிடக் கூடாது. உள்ளே 63 வோல்ட் கபாசிட்டர்கள் கரன்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு பல்பைக் குறுக்கே தொட்டு இறக்கிய பிறகே மீட்டர். மீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் வயரிலும் கறுப்பு முனையை மூன்று தடித்த வயர்களில் ஒவ்வொன்றாகவும் வைத்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும், அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் முன்பின். பிறகு கறுப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸில் வைத்து, சிவப்பு முனையால் அதே மூன்றையும் தொட வேண்டும். ஏதாவது ஒன்றில் பூஜ்யம் வந்தால் அந்தப் பக்கத்து மாஸ்ஃபெட் வெந்துவிட்டது. 75 வோல்ட் தாங்கும் மாஸ்ஃபெட்டைத்தான் அந்தக் காலத்துப் பெட்டிகளில் போட்டிருந்தார்கள். வோல்ட் அதைக் கொல்வதில்லை, சூடுதான் கொல்கிறது. ஏற்றத்தில் வண்டி நின்று திணறும்போதுதான் கரன்ட் உச்சத்தில் பாயும். ஜூபிலி ஹில்ஸ் பக்கத்து வாடிக்கையாளர்களின் கன்ட்ரோலர்கள் மே மாதத்தில் வரிசையாக வந்ததற்குக் காரணம் இதுதான். திறந்து பார்த்தால், மாஸ்ஃபெட்டையும் அலுமினியத் தகட்டையும் பிரிக்கும் மெல்லிய காப்புத்தாள் பொடிந்து கிடக்கும்.

மோட்டாரிலும் கன்ட்ரோலரிலும் சேராத பழுதுகளும் உண்டு, அவையும் ஏராளம். பிரேக் லீவரில் இருக்கும் சின்ன சுவிட்ச் அழுந்தியபடி ஒட்டிக்கொண்டால் கன்ட்ரோலர் "பிரேக் பிடித்திருக்கிறார்கள்" என்று நினைத்து மோட்டாருக்குக் கரன்ட் தராது. நான்கு பேட்டரியில் ஒன்று தளர்ந்தால் நிற்கும்போது 50 வோல்ட் காட்டும், ஆக்ஸிலேட்டரை முறுக்கினதும் 42க்குக் கீழே விழும், கன்ட்ரோலர் கையை விரித்துவிடும். மோட்டாரை மாற்றச் சொல்லி அனுப்பப்பட்ட வண்டிகள் ஒரே ஒரு பேட்டரியில் குணமாகிப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2010 நவம்பரில் மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் இந்த வண்டிகளுக்கு மானியம் கொடுக்க ஆரம்பித்தது. 2012 மார்ச்சோடு அது நின்றது. விற்பனை சரிந்தது. ஹைதராபாத்தில் ஷோரூம்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஷட்டரை இறக்கின. எங்களிடம் வந்த ஸ்கூட்டர்களில் சிலவற்றின் கம்பெனிகளே இல்லாமல் போய்விட்டன. கேட்க ஆள் இல்லை, பாகம் இல்லை, போன் போட்டால் எடுக்க யாரும் இல்லை.

ஆனால் வண்டிகள் ஓடின. இதைத்தான் நான் இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறேன். யார் செய்த 48 வோல்ட் கன்ட்ரோலரும் யார் செய்த 48 வோல்ட் மோட்டாரோடும் பேசும். நிறம் மட்டும் ஒத்துப்போகாது. ஒருவருடைய மஞ்சள் இன்னொருவருடைய நீலம். ஹால் வயர்களை நிறப்படி மாட்டிவிட்டு, தடித்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் ஆறே வழி. அந்த ஆறில் ஒன்றுதான் சரி. மற்றவற்றில் சக்கரம் அசையாது, அல்லது நடுங்கும், அல்லது கரகரவென்று ஓடும். ஓடுகிறதே என்று அங்கே ஏமாந்துவிடக் கூடாது. சக்கரம் தரையில் படாமல் சுற்றும்போது பேட்டரி வயரில் அம்மீட்டர் வைத்தால், சரியான இணைப்பில் ஓர் ஆம்பியரை ஒட்டித்தான் இழுக்கும். தவறான இணைப்பில் பல மடங்கு இழுக்கும். எல்லாம் சரியாக இருந்து சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால், இரண்டு ஹால் வயர்களை இடம் மாற்றி, தடித்த மூன்றையும் மறுபடி தேட வேண்டும். பின்னால் வந்த பெட்டிகளில் இரண்டு வெள்ளை வயர் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பிடித்தால் பெட்டியே சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொள்ளும். முதல் தடவை அதைப் பார்த்த உஸ்தாத் சக்கரம் ஓய்கிற வரைக்கும் பேசவில்லை. பிறகு, "இதைச் செய்தவன் மெக்கானிக்கை மனதில் வைத்திருக்கிறான்" என்றார்.

2020 அக்டோபர் 13 இரவு பெய்த மழையில் ஹைதராபாத் மூழ்கியது. அந்த வாரம் முழுக்கப் பட்டறை வாசலில் சக்கரங்கள். அச்சுக்குள் வயர் நுழையும் பொத்தல் வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது. மூடியைத் திறந்தால் துருவும் சேறும் கலந்து கொட்டியது. வெயிலில் காயவைத்து, பேரிங் மாற்றி, வார்னிஷ் அடித்து, ஹால் போட்டுக் கொடுத்தோம். பத்து வருஷத்துக்கு மேல் வயதான, கம்பெனி பெயர் அழிந்துபோன ஸ்கூட்டர்கள் அந்த வெள்ளத்துக்குப் பிறகும் ஓடின. உஸ்தாத் முன்னின்று செய்த கடைசிப் பெரிய வேலை அது. மறு வருஷம் கண் தெரியாமல் போய் வீட்டோடு இருந்துவிட்டார்.

அதே 2020 அக்டோபர் கடைசியில் தெலங்கானா தன் மின்சார வாகனக் கொள்கையை வெளியிட்டது. முதல் 2 லட்சம் இருசக்கர வாகனங்களுக்குச் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் இல்லை என்றது. 2024 நவம்பரில் அந்த எண்ணிக்கை வரம்பையும் எடுத்துவிட்டு, 2026 டிசம்பர் 31 வரை விலக்கு என்று அறிவித்தார்கள். இடையில் 2023 பிப்ரவரி 11 அன்று ஹுசேன் சாகர் கரையில் ஃபார்முலா ஈ பந்தயம் நடந்தது. 350 கிலோவாட் கார்கள். எங்கள் பொம்மை ஸ்கூட்டரைப்போல் 1,400 மடங்கு சக்தி. டேங்க் பண்டைத் தாண்டினால் ராணிகஞ்ச். அந்தச் சனிக்கிழமை பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் போனில் பந்தயம் பார்த்தார்கள். அந்தக் கார்களிலும் மூன்று ஃபேஸ்தான், காந்தம்தான் என்று பட்டறைப் பையன்களுக்கு நான் சொன்னபோது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பொம்மை என்று ஒதுக்கிய பெட்ரோல் மெக்கானிக்குகள்கூட அதற்குள் மீட்டர் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார ஆரம்பித்திருந்தார்கள்.

புது ஸ்கூட்டர்கள் நல்ல வண்டிகள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவற்றில் பல நம் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தயாராகி வருகின்றன. மோட்டார் சத்தமே இல்லை, ஏனென்றால் கரன்ட்டை மூன்று காயிலிலும் அலை அலையாக ஏற்றி இறக்கும் கணக்கை அந்தச் சிப் ஒவ்வொரு நொடியும் ஆயிரக்கணக்கான தடவை போடுகிறது. காயிலுக்குள் சூடு பார்க்கும் சென்சார் இருக்கிறது. சூடு ஏறினால் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக் காயிலைக் காப்பாற்றிக்கொள்ளும். அன்றைக்கு அந்த சென்சார் உஸ்தாதின் உள்ளங்கை. புது வண்டி பஞ்சாரா ஹில்ஸ் ஏற்றத்தில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகிறது. பேட்டரி ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும், கன்ட்ரோலர் ஒவ்வொரு ஃபேஸின் கரன்ட்டையும் குறித்து வைக்கிறது. இரண்டும் கேன் என்கிற இரட்டை வயரில் பேசிக்கொள்கின்றன. 2008இல் நானும் உஸ்தாதும் அரை நாள் தேடிய பழுதை இந்த வண்டி தனக்குள் ஒரு கணத்தில் கண்டுபிடித்துவிடுகிறது.

கண்டுபிடித்ததை உரிமையாளரிடம் சொல்வதில்லை.

போன மழைக்காலத்தில் மல்காஜ்கிரியில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து வரும்போது நின்றுவிட்டதாம்.

"போன்ல என்னம்மா வருது?"

"மோட்டார் எரர், சர்வீஸ் சென்டரை அணுகவும்னு வருதுண்ணா. அவ்வளவுதான். சர்வீஸ்ல போய்க் கேட்டேன். கன்ட்ரோலர் மாத்தணும், தண்ணி போயிருக்கு, அதனால வாரன்ட்டி வராதுங்கிறாங்க. பாகம் வர ரெண்டு மூணு வாரம் ஆகுமாம்."

"தண்ணி எங்க போயிருக்குன்னு காட்டினாங்களா?"

"இல்லண்ணா. உள்ள கொண்டுபோயிட்டு வந்து சொன்னாங்க."

பின் சக்கரத்தைச் சுற்றினேன். லேசாகச் சுற்றியது. தடித்த மூன்று வயரும் சுத்தம். கன்ட்ரோலர் முழுக்கப் பிசின் ஊற்றி மூடியது, திறக்க வழியில்லை. தண்ணீர் புகாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அதே காரணத்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்பதை நம்புவதும் கடினம். மோட்டாரிலிருந்து வரும் சென்சார் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கு மேலே, பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளே ஒரு கப்ளர். அதன் ரப்பர் சீல் மடிந்து, பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு பின்னில் பச்சை பூத்திருந்தது. சிக்னல் வரும் பின்தான். காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சீலை நேராக உட்காரவைத்து மாட்டினேன். மீட்டரில் சிக்னல் ஒழுங்காக மாறியது.

வண்டி அப்போதும் ஓடவில்லை. பழுது தீர்ந்துவிட்டது, பழுதின் பதிவு தீரவில்லை. ஒரு முறை பதிந்த கோளாறை அழிக்கக் கம்பெனி லேப்டாப் வேண்டும். பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் அது போகாது. அவளையும் அழைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த டெக்னீஷியன் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன். பாலிடெக்னிக் முடித்தவன், கப்ளரைக் காட்டியதும் சட்டென்று புரிந்துகொண்டான். லேப்டாப்பை மாட்டினான். திரையில் எத்தனை வரிகள்! எந்த நிமிஷம், எந்த வேகத்தில், எந்த சிக்னல் அறுந்தது என்பது வரை எல்லாம் இருந்தது. அவன் ஒரு பட்டனை அழுத்தினான், வண்டி எழுந்தது.

"தம்பி, இவ்வளவு தெரிஞ்சும் ஏன் கன்ட்ரோலர் மாத்தணும்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"சார், இந்தக் கோடு வந்தா இந்தப் பாகத்தை மாத்துன்னுதான் எங்களுக்கு ட்ரெயினிங். வயரைத் தேடினா அதுக்கு ஜாப் கார்டுல நேரம் கிடையாது" என்றான். வெட்கப்பட்டுச் சொன்னான். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கை தெரிந்த ஒரு பையனைப் பெட்டி மாற்றுகிறவனாக உட்காரவைத்திருக்கிற ஏற்பாட்டின்மேல்தான் வந்தது.

அன்று கம்பெனிகள் செத்துப்போயும் வண்டிகள் ஓடின. இன்று கம்பெனி நன்றாக இருக்கிறது, ஒரு பின்னில் பச்சை பூத்ததற்கு வண்டி மூன்று வாரம் நிற்க இருந்தது. இந்தக் கம்பெனிகளில் ஒன்று நாளைக்குக் கடையை மூடினால் என்ன ஆகும்? 2012இல் என்ன ஆனது என்பது எனக்குத் தெரியும். அப்போது எங்களிடம் எட்டு வயர் இருந்தது. புது வண்டியில் வேறு கன்ட்ரோலரைப் போட்டால் பேட்டரி அதை அடையாளம் தெரியாதவன் என்று திருப்பி அனுப்பிவிடும்.

எல்லாவற்றையும் திறந்து விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 2022 செப்டம்பர் 12 இரவு செகந்திராபாத்தில், கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூமும் மேலே தங்கும் விடுதியும் இருந்த கட்டிடத்தில் தீப்பிடித்து 8 பேர் இறந்தார்கள். அதே வருஷம் ஏப்ரலில் நிஜாமாபாத்தில் வீட்டுக்குள் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் பேட்டரி வெடித்து ஒரு முதியவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைப்படுத்தினார்கள். சரியான காரியம். லித்தியம் பேட்டரியைச் சந்தில் வைத்துப் பிரிப்பதை நான் எங்கள் பையன்களுக்கு அனுமதிப்பதில்லை. செல் மாற்றிக் கொடு என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். ஆனால் பேட்டரியைக் காட்டி மோட்டாரையும் கன்ட்ரோலரையும் பூட்டுவது வேறு. ஆக்ஸிலேட்டர் சிக்னலைச் சோதிப்பதாலோ ஒரு கப்ளரைத் துடைப்பதாலோ யார் வீடும் எரியாது.

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, மொபைல் போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். அந்த டிசம்பர் 24 அன்று அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. சட்டம் இன்னும் வரவில்லை. வரும்போது மின்சார ஸ்கூட்டருக்கு மூன்று விஷயம் அதில் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். கோளாறு எண்ணும் அதன் பொருளும் உரிமையாளருக்குத் திரையிலேயே தெரிய வேண்டும். வயரிங் படம் வண்டியோடு வர வேண்டும். பழுது தீர்ந்த பிறகு அந்தப் பதிவை அழிக்கும் வசதி, பேட்டரி சம்பந்தப்படாத கோளாறுகளுக்காவது, வெளி மெக்கானிக்கின் கைக்கும் கிடைக்க வேண்டும். இதில் கம்பெனியின் ரகசியம் எதுவும் வெளியே போகாது. பெட்ரோல் வண்டிகளில் சந்து மெக்கானிக்குகள் ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள். அதனால் எந்தக் கம்பெனியும் மூழ்கவில்லை.

அந்த டெக்னீஷியன் பையன் இப்போது தன் விடுமுறை நாளில் பட்டறைக்கு வருகிறான். ஹால் மாற்றுவது எப்படி என்று அவனுக்கு நான் காட்டுகிறேன். கேன் வயரில் என்ன ஓடுகிறது என்பதை அவன் எனக்குக் காட்டுகிறான். புல்லரைத் திருப்பும்போது இடது கையைப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஸ்கூட்டர் நின்றுபோய் "கன்ட்ரோலர் மாற்ற வேண்டும்" என்று எஸ்டிமேட் வாங்கியவர்கள், பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: வந்த கோளாறு எண் என்ன, கப்ளர்களைப் பிரித்துப் பார்த்தீர்களா, கழற்றிய பழைய பாகத்தை எனக்குத் தருவீர்களா. பதிலை ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்கு முடியாது என்றால் ஏன் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.